இரவு முறை முடிந்து வந்தால் வாசலில் நோயாளிகள்: ஒரு தாதியின் கடிதத்துக்குப் பதில்

வாசகர் கடிதம்:

"நான் ஓர் ஆதார வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) தொங்கல் காம்பராவில் (கடைசி அறையில்) மாமியுடனும் நான்கு வயது மகளுடனும் வசிக்கிறேன். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார்; மாதம் ஒருமுறை வருவார். இரவு முறை முடிந்து வீட்டுக்கு வரும்போதே இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நாலைந்து பேர் கிளினிக் கொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பிரஷர் பார்க்க வேண்டும், காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும், டொக்டரிடம் சொல்லி ஸ்கேனைச் சீக்கிரம் எடுத்துக் கொடுக்க வேண்டும். வைத்தியசாலையிலிருந்து கொஞ்சம் துணிக்கட்டும் பிளாஸ்டரும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அடுத்த காம்பராத் தாத்தாவுக்குக் காலையும் மாலையும் இன்சுலின் போடுவதும் நான்தான். முடியாது என்றால் மாமி, 'நம்ம சனத்துக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போற?' என்கிறார். வேலையிடத்திலோ எங்கள் வார்ட்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற வார்ட்டுகளிலிருந்தும் மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் தோழி ஒருத்திக்காக மாலை முறையோடு இரவு முறையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த அன்று, ஒன்றுமில்லாத காரியத்துக்கு மகளை அடித்துவிட்டேன். வேலையை விட்டுவிடவா, இடமாற்றம் கேட்டுக் கண்டிப் பக்கம் போய்விடவா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விடுவது, இடமாற்றம் கேட்பது போன்ற முடிவுகளை இரவு முறை பார்க்கும் கிழமையில் எடுக்க வேண்டாம். கடிதத்தை இரண்டு முறை வாசித்ததில் எனக்குப் பட்டது, உங்களுக்கு இந்த வேலை கசந்துவிடவில்லை என்பதும், லயத்துச் சனத்தின் மேல் உள்ள அன்பு குறைந்துவிடவில்லை என்பதும்தான். வீட்டிலும் வார்ட்டிலும் எல்லோரும் உங்கள் கையையும் வாயையும் கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் தூக்கத்தை மட்டும் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்படிக் கணக்கில் எடுக்காதவர்களின் பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள்.

அந்த இரட்டை முறையைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மகளைக் காலை 6 மணிக்கு எழுப்பியிருப்பீர்கள். பகல் 1 மணிக்கு வார்ட்டுக்குள் நுழைந்து, இரவு 7 மணிக்குப் பொறுப்பைக் கொடுக்காமல் தொடர்ந்து நின்று, மறுநாள் காலை 7 மணிக்கு வெளியே வரும்போது 25 மணித்தியாலங்கள் விழித்திருந்தீர்கள். தொடர்ந்து 17 மணித்தியாலங்கள் விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடைய அளவுக்குக் குறைந்துவிடும் என்பதை 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆய்வுகள் காட்டி வருகின்றன. நீங்கள் அந்த எல்லையை இரவு 11 மணிக்கே கடந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான், உடல் வெப்பம் மிகத் தாழ்ந்து கண் தானாகச் சொக்கும் அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட நேரம் வருகிறது. காலைச் சுற்றுக்கு முன் இரத்தம் எடுப்பதும், நாடித்துடிப்பும் பிரஷரும் பார்த்து எழுதுவதும், ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தை ஒட்டியே வருகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த நிலையில் ஒரு தசமப் புள்ளியை இடம் மாற்றி வாசித்தால் என்னவாகும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே உங்கள் தூக்கத்தை மாமி சொல்வதுபோல் 'படுத்துக்கிடப்பது' என்று நினைக்காதீர்கள். அது அடுத்த இரவு உங்கள் கையில் இருக்கும் நோயாளிகளுக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமையின் முதல் பகுதி. தோழிக்கு உதவ வேண்டுமென்றால் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். மாலையையும் இரவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்க்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

மகளை அடித்ததற்காக உங்களை நீங்களே கெட்ட தாய் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மேலே சுருக்கத்தில் நான் சேர்க்கவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு இரவு முறை என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் அம்மா மன்னிப்புக் கேட்டால் விளங்கும். கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றித் தனியாக வைத்து, கை முகம் கழுவியபின், படுக்கப் போகும் முன் அரை மணித்தியாலத்தை அவளுக்கென்றே கொடுங்கள். அவளுக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டுவதோ தலை வாரி விடுவதோ போதும். அந்த அரை மணித்தியாலத்தைத்தான் இப்போது இஸ்தோப்பில் கிளினிக் கொப்பியோடு இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

லயத்தில் பகலில் தூங்குவது எளிதல்ல என்பதை அங்கே வாழாதவர்கள் அறியமாட்டார்கள். தகரக் கூரையில் மழை அடித்தால் பேச்சுக் கேட்காது; மழை இல்லாவிட்டால் நாலு காம்பராவுக்கு அப்பால் ஓடும் தொலைக்காட்சியும் கேட்கும். தொங்கல் காம்பராவாக இருப்பதால் உங்களுக்கு ஒரு பக்கச் சுவர் மிச்சம். கட்டிலை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஜன்னலுக்குப் பழைய கம்பளியொன்றை ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள், ஏனென்றால் சத்தத்தைப் போலவே வெளிச்சமும் தூக்கத்தைக் கெடுக்கும். வார்ட்டில் கடைசித் தேத்தண்ணியை அதிகாலை 3 மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடித்து ஐந்து மணித்தியாலம் போனாலும் அதிலுள்ள கஃபீனில் ஏறக்குறையப் பாதி உடலில் நிற்கும். காலை 9 மணியிலிருந்து பகல் 1 மணிவரை ஒரு தூக்கம், அன்றிரவும் முறை இருந்தால் மாலை புறப்படும் முன் ஒன்றரை மணித்தியாலம் இன்னொரு தூக்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் எட்டு மணித்தியாலம் தூங்க முயன்று தோற்பதைவிட உங்கள் வீட்டு நிலைமைக்கு இது நடக்கக்கூடியது.

இனி வாசலுக்கு வருவோம். அங்கே வந்து உட்கார்ந்திருப்பவர்கள் மேல் உங்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு. ஆனாலும் அவர்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டால் பதிலும் கோணலாகிவிடும். கிளினிக்குக்குப் போகும் நாளில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாது, அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) இல்லை. ஹட்டன் பக்கம் போக பஸ்ஸுக்கு நின்று, வரிசையில் நின்று, கடைசியில் டொக்டர் கேட்பதும் விளங்காமல், தான் சொல்வதும் அவருக்கு விளங்காமல் திரும்பி வருவதைவிட, பக்கத்துக் காம்பராவில் தமிழில் கேட்கும் நம் பிள்ளையிடம் போகலாம் என்று ஒரு தொழிலாளி நினைப்பதில் குற்றமில்லை. 1948இல் குடியுரிமை இழந்து, பிறகு பல பத்தாண்டுகள் அதைத் திரும்பப் பெறக் காத்திருந்த மலையகத் தமிழ்ச் சமூகத்தில், உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்துத் தாதியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இன்றும் அதிகமில்லை. அதனால் அப்படிப் போன ஒருத்தியை லயம் முழுவதும் தன் சொத்தாக நினைத்துவிடுகிறது. இதில் பெருமைப்படவும் இடமுண்டு, களைத்துப்போகவும் இடமுண்டு.

கதவைச் சாத்தச் சொல்லி உங்களுக்கு நான் எழுதப் போவதில்லை. சாத்தினால் அதே லயத்தில் நிம்மதியாக வாழ முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எப்போதும் திறந்திருக்கும் கதவையும் நீங்கள் தாங்கமாட்டீர்கள். கிழமைக்கு இரண்டு மாலைகளில், உங்கள் முறைப் பட்டியலைப் பார்த்து, ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கி, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் செய்தி பரவ அரை நாள்கூட ஆகாது.

அதைச் சொல்லும் பொறுப்பை மாமியிடம் கொடுங்கள். இதுதான் என் கடிதத்தில் உள்ள முக்கியமான யோசனை என்று நினைக்கிறேன். மாமி உங்களைக் கஷ்டப்படுத்துவதற்காக அப்படிப் பேசவில்லை. வாழ்நாள் முழுவதும் கங்காணியின் சொல்லுக்கும் கணக்கப்பிள்ளையின் சொல்லுக்கும் கீழே நின்று கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு, "மருமகள்கிட்டச் சொல்லி வைங்க அக்கா" என்று நாலு பேர் வந்து கேட்பது பெரிய மரியாதை. நீங்கள் ஒவ்வொரு முறை முகம் சுளிக்கும்போதும் அந்த மரியாதை குறைவதாக அவருக்குப் படுகிறது. ஆகவே, "மாமி, யாரை எந்த நாள் வரச் சொல்லுவதென்று நீங்களே முடிவுசெய்து சொல்லுங்கள், நான் தூங்கும்போது நீங்கள்தான் ஆள்" என்று சொல்லிப் பாருங்கள். காவல் அவருடையது என்றால் உங்கள் தூக்கத்தை அவரே காப்பாற்றுவார். கணவரும் தொலைபேசியில் தன் தாயிடம் இதைத் தன் வாயால் சொல்ல வேண்டும். மகன் பேசாமல் மருமகள் மட்டும் பேசினால் எந்த வீட்டிலும் அது சண்டையாகத்தான் முடியும்.

எதற்கெல்லாம் உங்களை எழுப்பலாம் என்பதையும் மாமிக்குச் சொல்லி வையுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், வலிப்பு, முகமோ கையோ ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளுதல், நிற்காத இரத்தம், கர்ப்பிணிக்கு இரத்தம் படுதல் அல்லது வயிற்றில் பிள்ளை அசையாதிருத்தல், மலையில் பல இடங்களில் குளவி கொட்டியவர் அல்லது ஒன்றிரண்டே கொட்டினாலும் முகம் வீங்கி மூச்சுத் திணறுகிறவர். இவர்களுக்கு முதலில் 1990க்கு அழைத்து இலவச அம்புலன்ஸைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்களைத் தட்ட வேண்டும். இந்த வரிசை முக்கியம். உங்களைத் தேடி ஓடிவந்து, நீங்கள் வேலையில் இருப்பதை அறிந்து, பிறகு வாகனம் தேடுவதில் போகும் நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கப் போகிறேன். பிரஷர் பாருங்கள். ஆனால் படியேறி வந்தவரை ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்காரவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியோ வெற்றிலையோ பீடியோ இருக்கக்கூடாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. வீட்டில் கருவி வாங்கி வைத்துக்கொண்டு தினமும் பயந்துபோகும் மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். 140க்கு 90 என்ற அளவை ஒருநாள் தாண்டியதும் ஒருவர் நோயாளியாகிவிடுவதில்லை. திகதியோடு எண்ணைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை டொக்டருக்கு அது உண்மையிலேயே பயன்படும். குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ நீங்கள் சொல்ல வேண்டாம், யாரோ மிச்சம் வைத்த அன்டிபயோட்டிக்கைப் பங்கிடவும் வேண்டாம், டொக்டரின் எழுத்தில்லாமல் ஊசி போடவும் வேண்டாம். ஏதும் நடந்துவிட்டால் உங்கள் பதிவும் உத்தியோகமும் போகும். அன்று உங்களுக்காகப் பேச லயத்தில் யாராலும் முடியாது.

அடுத்தது அந்தத் துணிக்கட்டு, பிளாஸ்டர் விடயம். நல்ல மனதோடு எடுத்தீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும் அது வார்ட்டின் பொருள், வார்ட்டிலேயே பல நாட்களில் போதாமல் இருக்கும் பொருள். இனி ஒன்றுகூட வேண்டாம். சின்னக் காயமென்றால் தோட்டத்து மருந்தகத்துக்கு அனுப்புங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது.

அங்கே வருகிறவர்களிடம் சொல்லத்தக்க ஒரு விடயத்தை மட்டும் குறிப்பிடுகிறேன். கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத் தேத்தண்ணியோடு விழுங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேயிலையின் துவர்ப்பு, இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கிறது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளிவைத்து, தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கச் சொல்லுங்கள். பத்துப் பேருக்குப் பிரஷர் பார்ப்பதைவிட இந்த ஒரு பேச்சு அதிகம் உதவலாம்.

கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போன விடயம் ஒன்று உண்டு: "லயத்து ஆள் யாரும் வார்ட்டில் இருந்தால், அவருக்கு என்ன வருத்தமென்று என்னிடம் கேட்கிறார்கள்." இதில் வளைந்து கொடுக்கவே கூடாது. சுவர் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒருவருக்கு வந்த வருத்தம் மாலைக்குள் எல்லோருடைய வாயிலும் இருக்கும். கல்யாணப் பேச்சு முறியும், ஒரு பெண்ணின் பெயர் கெடும். "அவரையே கேளுங்கள்" என்ற ஒரே பதிலை, மாமி கேட்டாலும், எல்லாருக்கும் ஒரே குரலில் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கும் அதையே சொல்லுங்கள். காய்ச்சலுக்கு விடை சொல்லிவிட்டு மற்றதற்கு மௌனமாக இருந்தால், மௌனமே செய்தியாகிவிடும். ஸ்கேனை முந்தி எடுத்துத் தருவது, கட்டில் எடுத்துத் தருவது போன்ற கேள்விகளுக்கும் இதே உறுதி தேவை. எங்கே போய், எந்தத் துண்டைக் காட்டி, யாரிடம் கேட்க வேண்டும் என்று வழிசொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார்ட்டில் மொழிபெயர்ப்பது வேறு கதை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியானது. ஆகவே நோயாளிக்குத் தன் மொழியில் விளக்கம் கிடைக்கச் செய்வது வைத்தியசாலையின் பொறுப்பு. அந்தப் பாரத்தை இப்போது நீங்கள் தனியாகச் சுமக்கிறீர்கள். முறைப்பாடாக இதைச் சொன்னால் உங்கள் வார்ட் சிஸ்டருக்குத் தற்காத்துக்கொள்ளத்தான் தோன்றும். வேலைப் பங்கீடாகச் சொல்லுங்கள்: "என்னை வேறு வார்ட்டுக்குக் கூப்பிடும் நேரத்தைப் பொறுப்புக் கொடுக்கும் புத்தகத்தில் எழுதலாமா? அந்நேரம் என் நோயாளிகளை யார் பார்ப்பது?" இரண்டு கிழமைக்கு எழுதி வந்தாலே சிஸ்டர் மேலிடத்தில் பேசுவதற்குக் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். மருந்துத் தள்ளுவண்டி உங்கள் கையில் இருக்கும்போது, சத்திரசிகிச்சைச் சம்மதமோ உயிராபத்தோ தவிர வேறெதற்கும் நகர வேண்டாம். மருந்து கொடுக்கும்போது இடையில் குறுக்கிடுவது பிழைக்கு வழியாகும் என்பது எல்லா நாட்டு வார்ட்டுகளிலும் தெரிந்த விடயம். "முடித்துவிட்டு வருகிறேன்" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

சிங்களத் தோழிகளில் பலர் உங்களைக் கூப்பிடுவது சோம்பலால் அல்ல, நோயாளியிடம் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற தயக்கத்தால். எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து, சாப்பிட்டீர்களா, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா, சிறுநீர் போனதா என்பது போன்ற பத்துத் தமிழ் வாசகங்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, அட்டையாக்கி, மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். தோட்டத்துப் பெண்மணி ஒருவர் சிங்கள நர்ஸ் ஒருத்தியின் தட்டுத்தடுமாறிய தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அதற்குப் பிறகு மனம் விட்டுப் பேசுவதை நான் வார்ட்டில் பார்த்திருக்கிறேன்.

இடமாற்றம் கேட்பதில் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன ஒழுங்கு இரண்டு மூன்று மாதம் நடந்தபின், இரவு முறை இல்லாத ஒரு கிழமையில், கணவரும் வீட்டில் இருக்கும்போது பேசி முடிவெடுங்கள். கண்டியில் வீட்டு வாடகையும், மாமி இல்லாமல் பிள்ளையை யாரிடம் விடுவது என்பதும் அந்தப் பேச்சில் வர வேண்டும். இதற்கிடையில், தூங்கக் கிடைத்தும் தூக்கம் வராமல், காரணமின்றி அழுகை வந்து, மகளைத் தூக்கவும் மனமில்லாமல் இரண்டு கிழமை தொடர்ந்து போனால் அது வெறும் களைப்பு அல்ல. உங்கள் வைத்தியசாலையின் டொக்டர் ஒருவரிடம் சொல்லுங்கள். தெரிந்த இடத்தில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

கடைசியாக அடுத்த காம்பராத் தாத்தா. எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் கவலை தந்தது அவருடைய இன்சுலின்தான், ஏனென்றால் உங்கள் முறைக்கு ஏற்றபடி அவருடைய ஊசி நேரம் மாறுகிறது, சில நாள் தவறிப்போகிறது. அந்த வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். தாத்தாவுக்குக் கண் தெரிந்தால் அவரே போட்டுக்கொள்ளலாம், பேத்தி அளவை மட்டும் சரிபார்க்கட்டும். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டுவது, வயிற்றிலும் தொடையிலும் ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிக் குத்துவது, போட்டபின் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிடவைப்பது, சாப்பிடாத நாளில் வழமையான அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாமல் கேட்டுச் செய்வது ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990. திறந்த குப்பியை அடுப்பங்கரையில் வைக்காமல், நம் மலைக்குளிரில் அறையின் நிழலான மூலையில் வைத்தால் பொதுவாக நான்கு கிழமை வரை தாங்கும். திறந்த திகதியைக் குப்பியிலேயே எழுதச் சொல்லுங்கள். பாவித்த ஊசிகளை மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, கிளினிக் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதல் ஒரு கிழமைக்கு அவள் போடும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த கிளினிக்கில் அந்தத் தாளை டொக்டரிடம் காட்டி, தாத்தாவின் அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள்.